ஒரு முறை இன்ஸ்டால், பல முறை உபயோகம்: இமேஜை மட்டும் நம்பலாமா?

விண்டோஸ் எக்ஸ்பி கொடிகட்டிப் பறந்த நாட்களில், கம்ப்யூட்டர்களை அசெம்பிள் செய்து தரும் கடைகளில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு கம்ப்யூட்டரில் விண்டோஸ், ஆபீஸ் தொகுப்பு, தமிழ் எழுத்துருக்கள், ஆண்ட்டி வைரஸ், பாடல் கேட்க ஒரு பிளேயர் என எல்லாவற்றையும் பதித்து முடிப்பார்கள். பின் அந்த ஹார்ட் டிஸ்க்கை அப்படியே நகல் எடுத்து வைத்துக் கொள்வார்கள். அடுத்தடுத்து வரும் கம்ப்யூட்டர்களில் அந்த நகலை இறக்கினால் போதும். அரை நாள் வேலை பத்து, பதினைந்து நிமிடங்களில் முடிந்துவிடும். இதற்குப் பெரிதும் கை கொடுத்தது நார்ட்டன் கோஸ்ட் என்னும் புரோகிராம். நியூசிலாந்தில் உருவான இதனை, சைமன்டெக் நிறுவனம் 1998ல் வாங்கியது. 2013ல் இதன் விற்பனை நிறுத்தப்பட்டது.

கோஸ்ட் போய்விட்டது. ஆனால் அது தீர்த்து வைத்த பிரச்னை போகவில்லை. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து க்ளவுட் கம்ப்யூட்டருக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். இன்று கல்லூரி மாணவர்களும், வீட்டிலிருந்து சிறு வேலைகள் எடுத்துச் செய்பவர்களும், சொந்தமாக இணைய தளம் நடத்துபவர்களும் க்ளவுடில் வெர்ச்சுவல் மெஷின்களை வாடகைக்கு எடுத்துப் பயன்படுத்துகின்றனர். ஒவ்வொரு முறையும் புதிய மெஷினில் அதே சாப்ட்வேர்களை மீண்டும் மீண்டும் பதிக்க வேண்டுமா? ஏற்கனவே பதித்து வைத்ததை அப்படியே பயன்படுத்த முடியாதா? பயன்படுத்தலாம் என்றால், அதில் ஆபத்து எதுவும் இல்லையா? இந்தக் கேள்விகளைத்தான் இங்கு பார்க்கப் போகிறோம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பதித்ததைத் திரும்பப் பயன்படுத்துவது நல்லது. செலவையும் நேரத்தையும் மிச்சப்படுத்தும். ஆனால் நகல் எடுத்து வைத்த டிஸ்க் ஒன்றை மட்டும் நம்பி இருப்பது தவறு. அதனை எப்படி உருவாக்கினோம் என்ற செய்முறை நம் கையில் இருக்க வேண்டும். செய்முறை இல்லாத நகல், பூட்டின் சாவி யாரிடம் இருக்கிறது என்று தெரியாத பெட்டி போன்றது.

இமேஜ் என்பது என்ன?

புதிதாக இந்தப் பக்கம் வரும் வாசகர்களுக்காகச் சில அடிப்படை விஷயங்கள். ஒரு பெரிய சர்வர் கம்ப்யூட்டரின் ப்ராசசர், மெமரி, டிஸ்க் ஆகியவற்றைப் பிரித்து, பல தனித்தனி கம்ப்யூட்டர்கள் போல இயங்கச் செய்வதே வெர்ச்சுவல் மெஷின். உங்கள் வீட்டு கம்ப்யூட்டரிலேயே விர்ச்சுவல் பாக்ஸ் என்ற இலவச புரோகிராம் மூலம் இதனைச் செய்து பார்க்கலாம். இதையே வாடகைக்குத் தரும் இ.சி.2 என்ற சேவையை அமேசான் 2006 ஆகஸ்ட்டில் சோதனை முறையில் தொடங்கியது. பின்னர் மைக்ரோசாப்ட், கூகுள், ஆரக்கிள் எனப் பல நிறுவனங்கள் இந்த வரிசையில் சேர்ந்து கொண்டன.

வெர்ச்சுவல் மெஷின் ஒன்றுக்கு ஹார்ட் டிஸ்க் என்பதும் உண்மையில் ஒரு பெரிய பைல்தான். அந்த டிஸ்க்கின் ஒரு நேரத்து நிலையை அப்படியே பதிந்து வைப்பது ஸ்நாப்ஷாட். அதிலிருந்து எத்தனை புதிய மெஷின்களை வேண்டுமானாலும் தொடங்கலாம் என்ற வகையில் தயார் செய்து வைப்பது இமேஜ். அமேசானில் இதற்கு ஏ.எம்.ஐ. என்று பெயர். கடைக்காரரின் கோஸ்ட் சி.டி.யின் பேரப்பிள்ளை என்று இதனைச் சொல்லலாம்.

மறுபடி பதிப்பதில் என்ன நஷ்டம்?

சொந்தக் கம்ப்யூட்டரில் ஒரு சாப்ட்வேரைப் பதிக்க அரை மணி நேரம் ஆனால், நம் பொறுமைதான் செலவாகும். க்ளவுடில் அப்படியல்ல. மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். முன்பு ஐந்து நிமிடம் பயன்படுத்தினாலும் ஒரு மணி நேரத்துக்குக் கணக்கிட்டு வந்த அமேசான், 2017 அக்டோபரிலிருந்து லினக்ஸ் மெஷின்களுக்கு நொடிக்கணக்கில் கட்டணம் வாங்கத் தொடங்கியது. குறைந்த பட்சம் 60 நொடிகள் என்பது கணக்கு. ஆகவே, இப்போது ஒவ்வொரு நிமிடத்துக்கும் விலை உண்டு.

ஓர் எளிய கணக்கைப் பாருங்கள். ஒரு மெஷினில் தேவையானவற்றைப் பதிக்க 20 நிமிடங்கள் ஆகிறது என்று கொள்வோம். பத்து மெஷின்களை ஒரே நேரத்தில் தொடங்கினால், 200 நிமிடங்களுக்கான வாடகை, எந்த வேலையும் நடக்கும் முன்னரே போய்விடுகிறது. கிராபிக்ஸ் ப்ராசசர் உள்ள மெஷின் என்றால் வாடகை பல மடங்கு. மாணவர் ஒருவருக்கு மாதக் கடைசியில் வரும் பில்லில் இது நன்றாகவே தெரியும். இமேஜ் இருந்தால் இந்த 20 நிமிடங்கள் ஒன்றிரண்டு நிமிடங்களாகக் குறையும்.

வழிகள் என்னென்ன?

பதித்த சாப்ட்வேரைப் பல மெஷின்களில் பயன்படுத்த மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, மேலே சொன்ன இமேஜ். ஒரு மெஷினை முழுமையாகத் தயார் செய்து, அதனை நகலெடுத்து, அதிலிருந்து மற்றவற்றைத் தொடங்குவது.

இரண்டாவது, பொது டிஸ்க். சாப்ட்வேரை ஒரு தனி டிஸ்க்கில் பதித்து, அதனைப் பல மெஷின்களில் இணைப்பது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் இங்கு கவனம் தேவை. நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் பைல் சிஸ்டங்கள், ஒரு டிஸ்க்கை ஒரு மெஷின்தான் எழுதும் என்ற எண்ணத்தில் உருவாக்கப்பட்டவை. அமேசான் 2020ல் குறிப்பிட்ட சில வகை டிஸ்க்குகளை 16 மெஷின்கள் வரை ஒரே நேரத்தில் இணைக்கும் வசதியைத் தந்தது. அப்போதும் சாதாரண பைல் சிஸ்டத்தில் இரண்டு மெஷின்கள் எழுதினால் தகவல்கள் கெட்டுப் போகும் என்று எச்சரித்தே தந்தது. எனவே, பொது டிஸ்க்கைப் படிப்பதற்கு மட்டும் என்ற நிலையில் இணைப்பதே நல்லது. பல மெஷின்களும் எழுத வேண்டும் என்றால், அதற்கென உள்ள நெட்வொர்க் பைல் சிஸ்டத்தை நாட வேண்டும்.

மூன்றாவது, செய்முறை. எந்த சாப்ட்வேர், எந்தப் பதிப்பு, எந்த வரிசை, என்ன செட்டிங்ஸ் என்பதை ஒரு ஸ்கிரிப்ட் பைலில் எழுதி வைப்பது. புதிய மெஷின் தொடங்கும்போது அந்த ஸ்கிரிப்ட் தானாக இயங்கி எல்லாவற்றையும் பதித்துவிடும். 2013ல் வெளியான டாக்கர், இந்தச் செய்முறையையும் இமேஜையும் ஒன்றாக இணைத்ததால்தான் இவ்வளவு வேகமாகப் பரவியது. டாக்கரில், டாக்கர் பைல் என்ற சிறு டெக்ஸ்ட் பைலில் செய்முறை இருக்கும். அதிலிருந்து இமேஜ் தயாராகும்.

பலரும் முதல் வழியை எடுத்துக் கொண்டு, மூன்றாவதை மறந்து விடுகின்றனர். அங்குதான் தொல்லைகள் தொடங்குகின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நகலோடு சேர்ந்து வரும் ரகசியங்கள்

டிஸ்க்கை நகலெடுக்கும் கருவிக்கு எது சாப்ட்வேர், எது உங்கள் பாஸ்வேர்ட் என்று தெரியாது. இருப்பதை எல்லாம் அள்ளிக் கொள்ளும். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்ட், நீங்கள் டைப் செய்த கட்டளைகளின் பட்டியல், க்ளவுட் கணக்கின் ரகசியக் குறியீடு, மெஷினுக்குள் நுழையும் எஸ்.எஸ்.எச். சாவி என எல்லாமே அந்த இமேஜில் இருக்கும். அதனை நண்பருக்குக் கொடுத்தாலோ, பொதுவில் வைத்தாலோ, அத்தனையும் அவர்களுக்குப் போய்ச் சேரும்.

இது கற்பனை அல்ல. பிரான்ஸ் நாட்டின் யூரேகாம் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட ஒரு குழு, அமேசானில் பொதுவில் வைக்கப்பட்டிருந்த 5,000க்கும் மேற்பட்ட இமேஜ்களைச் சோதித்து, முடிவுகளை 2012ல் வெளியிட்டது. விண்டோஸ் இமேஜ்களில் 98 சதவீதத்திலும், லினக்ஸ் இமேஜ்களில் 58 சதவீதத்திலும் மோசமான பாதுகாப்பு ஓட்டைகள் கொண்ட சாப்ட்வேர்கள் இருந்தன. இமேஜைத் தயாரித்தவரின் சாவிகள் பலவற்றில் அப்படியே கிடந்தன. அழித்துவிட்டதாக அவர்கள் நினைத்த பைல்களையும் மீட்டு எடுக்க முடிந்தது. டெலீட் செய்த பைல், அதன் மேல் வேறு எதுவும் எழுதப்படும் வரை டிஸ்க்கில் இருக்கும் என்பது நம் வாசகர்களுக்குப் புதிய செய்தி அல்ல. இமேஜ் எடுக்கும்போதும் அது பொருந்தும்.

இதில் இரண்டு பக்கமும் ஆபத்து உண்டு. கொடுப்பவரின் ரகசியம் வெளியே போகிறது என்பது ஒன்று. மற்றொன்று, கொடுத்தவரின் எஸ்.எஸ்.எச். சாவி அந்த இமேஜில் அனுமதிக்கப்பட்டதாகவே இருந்தால், அதிலிருந்து தொடங்கப்படும் ஒவ்வொரு மெஷினுக்குள்ளும் அவர் நுழைய முடியும். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் உங்கள் வீட்டு மாற்றுச் சாவி, நீங்கள் அறியாமல் ஒருவரிடம் இருப்பதை ஏற்றுக் கொள்வீர்களா?

எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்ட் என்பதும் இதே வகைத் தவறுதான். ராஸ்பெரி பை என்ற சிறிய கம்ப்யூட்டரின் இமேஜில் பல ஆண்டுகளாக ஒரே யூசர் பெயரும் ஒரே பாஸ்வேர்டும் இருந்தன. மெமரி கார்டில் இமேஜை எழுதி இயக்கிய பலர் அதனை மாற்றவே இல்லை. 2022 ஏப்ரலில் அந்த யூசர் நீக்கப்பட்டது. முதல் முறை இயக்குகையில் நாமே பெயரும் பாஸ்வேர்டும் அமைக்க வேண்டும் என்று விதி மாறியது. நம் ஊர்களில் க்ளவுட் பாடம் நடத்தும் பயிற்சி மையங்கள் சிலவற்றில் இன்றும் ஒரே இமேஜ், ஒரே பாஸ்வேர்ட் என்ற முறையில் முப்பது மாணவர்களுக்கும் மெஷின்கள் தரப்படுகின்றன. மாணவர்கள் இதைக் கேள்வி கேட்க வேண்டும். பாதுகாப்பையும் சேர்த்துக் கற்றுத் தருவதுதானே பயிற்சி?

இரட்டைப் பிள்ளைகளுக்கு ஒரே பெயர்

ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தனி அடையாளம் உண்டு. நகல் எடுக்கையில் அந்த அடையாளமும் நகலாகிவிடும். லினக்ஸ் சிஸ்டங்களில் மெஷின் ஐடி என்ற ஓர் எண் ஒரு பைலில் இருக்கும். வீட்டில் விர்ச்சுவல் பாக்ஸ் மூலம் உபுண்டு மெஷின் ஒன்றைப் பதித்து, அதனை மூன்றாக நகல் எடுத்து, மூன்றையும் வீட்டு நெட்வொர்க்கில் நேரடியாக இணைத்துப் பாருங்கள். நெட்வொர்க் கார்டின் மேக் முகவரியை மாற்றிய பின்னரும், மூன்றுக்கும் ரவுட்டர் ஒரே ஐ.பி. முகவரியைத் தரும் வாய்ப்பு உண்டு. காரணம், முகவரி கேட்கும்போது உபுண்டு சர்வர் தன்னை அடையாளம் காட்டுவது இந்த மெஷின் ஐடியை வைத்துத்தான். இமேஜ் எடுக்கும் முன் அந்தப் பைலைக் காலி செய்துவிட்டால், ஒவ்வொரு நகலும் முதல் முறை இயங்கும்போது தனக்கெனப் புதிய எண்ணை உருவாக்கிக் கொள்ளும்.

விண்டோஸில் இந்தக் கதை இன்னும் சுவையானது. அங்கு எஸ்.ஐ.டி. என்ற அடையாள எண் உண்டு. நகல் எடுத்த கம்ப்யூட்டர்களில் இது ஒன்றாக இருந்தால் ஆபத்து என்று பலரும் நம்பி, நியூ எஸ்.ஐ.டி. என்ற சிறு புரோகிராமைப் பயன்படுத்தி மாற்றி வந்தனர். அந்தப் புரோகிராமை எழுதியவர்களில் ஒருவரான மார்க் ருசினோவிச், 2009 நவம்பரில், இந்த அச்சம் ஒரு கட்டுக்கதை என்று விளக்கி, புரோகிராமையே விலக்கிக் கொண்டார். ஆனால், சிஸ்பிரெப் என்ற மைக்ரோசாப்டின் சொந்தக் கருவியைக் கொண்டு தயார் செய்த நகல்களுக்குத்தான் நிறுவனத்தின் ஆதரவு உண்டு என்ற நிலை அப்போதும் மாறவில்லை.

பலர் கட்டுக்கதை என்ற முதல் பாதியை மட்டும் பிடித்துக் கொண்டனர். பதினாறு ஆண்டுகள் கழித்து வினை வந்தது. 2025 ஆகஸ்ட் 29க்குப் பின் வந்த அப்டேட்களில், விண்டோஸ் 11ன் புதிய பதிப்புகளும் விண்டோஸ் சர்வர் 2025ம் இந்த எண்ணைக் கண்டிப்புடன் சோதிக்கத் தொடங்கின. ஒரே எண் கொண்ட கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று நெட்வொர்க்கில் இணைய முடியாமல் தவித்தன. சரியான முறையில் நகல் எடுத்தவர்களுக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. இன்று ஓடுகிறது என்பதற்காக ஒரு குறுக்கு வழி சரியானது ஆகிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

இமேஜுக்கும் வயதாகும்

இமேஜ் என்பது உறைந்து போன கம்ப்யூட்டர். நீங்கள் அதனை எடுத்த நாளில் இருந்த ஓட்டைகள் எல்லாம் அதில் அப்படியே உறைந்திருக்கும். 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை தெரிய வந்தது. ஓப்பன் எஸ்.எஸ்.எல். என்ற பாதுகாப்பு சாப்ட்வேரில் இருந்த இந்தத் தவறு மூலம் சர்வரின் மெமரியில் இருப்பதைத் திருட முடிந்தது. இயங்கிக் கொண்டிருந்த சர்வர்களைப் பலர் அவசரமாகச் சரி செய்தனர். ஆனால் சர்வரை மட்டும் சரி செய்து, இமேஜை விட்டுவிட்டால் என்ன ஆகும்? அடுத்த வாரம் அந்த இமேஜிலிருந்து ஒரு புதிய மெஷின் தொடங்கினால், மூடிய ஓட்டை மறுபடியும் திறந்து கொள்ளும்.

அண்மைக் கால எடுத்துக்காட்டும் இருக்கிறது. லினக்ஸ் சிஸ்டங்களில் பைல்களைச் சுருக்கப் பயன்படும் எக்ஸ்.இசட். என்ற தொகுப்பின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ திட்டமிட்டு ரகசியக் கதவு ஒன்றை வைத்திருந்தனர். 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், சர்வரில் நுழைகையில் அரை நொடி தாமதம் ஏற்படுவது ஏன் என்று தேடப் போய் இதனைக் கண்டுபிடித்தார். உலகமே பெருமூச்சு விட்டது. ஆனால் ஒன்றரை ஆண்டுக்குப் பின், 2025 ஆகஸ்ட்டில், டாக்கர் இமேஜ்களுக்கான பொதுக் கிடங்கில் அந்தக் கதவு அடங்கிய 30க்கும் மேற்பட்ட இமேஜ்கள் இன்னும் இருப்பதை பைனார்லி என்ற நிறுவனம் கண்டு சொன்னது. சில இமேஜ்கள், கெட்டுப் போன இமேஜ் ஒன்றின் மேல் கட்டப்பட்டவை. ஒரு நகல் கெட்டால், அதன் பிள்ளைகளும் கெடும்.

லைசென்ஸ் நகலாகாது

டிஸ்க்கை நகலெடுத்தால் சாப்ட்வேர் நகலாகும். அதனைப் பயன்படுத்தும் உரிமை நகலாகாது. புதிய கம்ப்யூட்டருடன் பதிந்து வரும் விண்டோஸ் அந்தக் கம்ப்யூட்டருக்கு மட்டுமே உரியது. அதனைக் க்ளவுடுக்குக் கொண்டு செல்ல அனுமதி இல்லை. க்ளவுடில் விண்டோஸ் சர்வர் மெஷின் எடுத்தால், பொதுவாக அதன் லைசென்ஸ் கட்டணம் வாடகையிலேயே சேர்ந்திருக்கும். பெரிய நிறுவனங்களுக்கும் இதில் தலைவலிதான். தாங்கள் வாங்கிய லைசென்ஸ்களை அமேசான், கூகுள், அலிபாபா போன்றவற்றின் தனி சர்வர்களில் பயன்படுத்துவதற்கு, 2019 அக்டோபர் 1 முதல் மைக்ரோசாப்ட் புதிய கட்டுப்பாடுகளை விதித்தது.

பணம் கொடுத்து வாங்கிய ஏதேனும் சாப்ட்வேரை இமேஜில் வைத்து, ஐந்து மெஷின்கள் தொடங்கினால், ஐந்து பிரதிகள் ஓடுகின்றன என்பதே கணக்கு. இமேஜ் எடுக்கும் முன் லைசென்ஸ் ஒப்பந்தத்தை ஒரு முறை படித்துவிடுங்கள். லினக்ஸ், பைதான், லிப்ரே ஆபீஸ் போன்ற ஓப்பன் சோர்ஸ் சாப்ட்வேர்களில் இந்தத் தொல்லை இல்லை. மாணவர்கள் இவற்றையே நாடுவது நல்லது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இமேஜ் ஊர் மாறாது

ஒரு நிறுவனத்தின் இமேஜ், அந்த நிறுவனத்தின் வீட்டுக்குள்தான் எளிதாக நடமாடும். அமேசானில் மும்பை மையத்தில் எடுத்த இமேஜை சிங்கப்பூரில் பயன்படுத்த வேண்டும் என்றால், முதலில் அங்கு நகல் எடுக்க வேண்டும். அமேசான் தரும் விண்டோஸ் மெஷினை அப்படியே வெளியே எடுத்துச் செல்லவும் அதன் ஏற்றுமதிக் கருவி அனுமதிப்பதில்லை. இன்டெல், ஏ.எம்.டி. ப்ராசசர்களுக்காக எடுத்த இமேஜ், இன்று மலிவாகக் கிடைக்கும் ஏ.ஆர்.எம். வகை மெஷின்களில் இயங்காது. கணக்கு முடக்கப்பட்டால் இமேஜும் போயிற்று.

செய்முறை ஸ்கிரிப்ட் அப்படியல்ல. சில கிலோபைட் அளவுள்ள டெக்ஸ்ட் பைல். பென் டிரைவில் வைக்கலாம், மெயிலில் அனுப்பலாம். சிறு மாற்றங்களுடன் எந்த நிறுவனத்தின் மெஷினிலும் இயக்கலாம். நாளை வேறு இடத்தில் வாடகை குறைவு என்றால் மூட்டை கட்டிக் கொண்டு போகலாம். இந்தச் சுதந்திரம், நிமிடக் கணக்கில் மிச்சமாகும் பணத்தை விடப் பெரியது என்பது என் எண்ணம்.

அப்படியானால் செய்முறை மட்டும் போதுமா?

போதும் என்று சொல்பவர்கள் இருக்கின்றனர். இமேஜே வேண்டாம், ஒவ்வொரு முறையும் புதிதாகப் பதிப்பதே சுத்தம் என்பது அவர்கள் வாதம். இதையும் நான் முழுமையாக ஏற்கவில்லை. செய்முறை என்பது, அதில் சொல்லப்பட்ட பொருட்கள் கடையில் கிடைக்கும் வரைதான் பயன்படும்.

2016 மார்ச்சில், ஜாவா ஸ்கிரிப்ட் புரோகிராமர்கள் பயன்படுத்தும் பொதுக் கிடங்கிலிருந்து லெப்ட் பேட் என்ற மிகச் சிறிய தொகுப்பை அதன் ஆசிரியர் நீக்கினார். அதில் இருந்தது 11 வரிகள்தான். அதனை நம்பியிருந்த எண்ணற்ற புரோகிராம்களைப் பதிக்க முடியாமல் போயிற்று. சென்ட் ஓ.எஸ். 7 என்ற லினக்ஸ் பதிப்புக்கான ஆதரவு 2024 ஜூன் 30ல் முடிந்ததும், அதன் தொகுப்புகளைத் தந்து வந்த முகவரிகளும் மூடப்பட்டன. பல ஆண்டுகள் ஓடிய ஸ்கிரிப்ட்கள், மறுநாள் காலையில் பிழைச் செய்தி காட்டின. அன்று கையில் இமேஜ் வைத்திருந்தவர்கள் வேலையைத் தொடர்ந்தனர்.

ஆகவே இரண்டும் வேண்டும். செய்முறையை மூலமாக வைத்துக் கொள்ளுங்கள். இமேஜை அதிலிருந்து தயாராகும் பண்டமாக வைத்துக் கொள்ளுங்கள். வீட்டில் தோசை மாவு அரைத்து ப்ரிட்ஜில் வைப்பது போலத்தான். காலையில் அவசரத்துக்கு மாவு உதவும். ஆனால் எவ்வளவு அரிசி, எவ்வளவு உளுந்து என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். மாவு புளித்துப் போனால் கொட்டிவிட்டுப் புதிதாக அரைக்க வேண்டும். புளித்த மாவையே கட்டிக் கொண்டு அழக் கூடாது.

கோலாப் பயன்படுத்துபவர்களுக்கு

க்ளவுட் மெஷினை வாடகைக்கு எடுக்காதவர்களும் கூகுள் கோலாப் பயன்படுத்துகின்றனர். இதுவும் ஒரு வெர்ச்சுவல் மெஷின்தான். இலவசப் பதிப்பில் அதிக பட்சம் 12 மணி நேரம் ஓடும். பின் மெஷினே அழிக்கப்பட்டு, நீங்கள் பதித்ததெல்லாம் போய்விடும். அதனால் பலர் பைதான் தொகுப்புகளைக் கூகுள் டிரைவில் பதித்து வைத்து, ஒவ்வொரு முறையும் டிரைவை இணைத்துப் பயன்படுத்துகின்றனர். இது முடியும் என்றாலும், ஆயிரக்கணக்கான சிறு பைல்களை டிரைவிலிருந்து படிப்பது மிக மெதுவாக இருக்கும். கோலாபின் பைதான் பதிப்பை கூகுள் உயர்த்தும்போது, டிரைவில் உள்ள சில தொகுப்புகள் இயங்க மறுக்கும்.

இதற்குப் பதிலாக, தேவையான தொகுப்புகளின் பெயரையும் பதிப்பு எண்ணையும் ஒரு டெக்ஸ்ட் பைலில் எழுதி, அதனை மட்டும் டிரைவில் வையுங்கள். நோட்புக்கின் முதல் கட்டத்தில் அதனைப் படித்துப் பதிக்கும் ஒரு வரியை அமைத்திடுங்கள். பெரிய டேட்டா பைல்கள் மட்டும் டிரைவில் இருக்கட்டும். ரகசியக் குறியீடுகளை நோட்புக்கில் எழுதாமல், கோலாபில் அதற்கென உள்ள சீக்ரெட்ஸ் பகுதியில் வைக்கவும். நோட்புக்கை நண்பருக்கு அனுப்பினாலும் அவை அவருக்குப் போகாது.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. இமேஜை வெறும் மெஷினிலிருந்து தொடங்கி, ஸ்கிரிப்ட் மூலமே தயார் செய்யவும். கையால் ஏதேனும் மாற்றினால், உடனே அதனை ஸ்கிரிப்டிலும் எழுதிவிடவும்.

2. இமேஜ் எடுக்கும் முன் கட்டளைப் பட்டியல், சேமித்த பாஸ்வேர்ட்கள், எஸ்.எஸ்.எச். சாவிகள், மெஷின் ஐடி ஆகியவற்றை நீக்கவும். லினக்ஸில் க்ளவுட் இனிட் என்ற கருவியின் சுத்தம் செய்யும் கட்டளை இதில் ஒரு பகுதியைச் செய்து தரும். விண்டோஸில் சிஸ்பிரெப் பயன்படுத்தவும். ரகசியங்களை இமேஜுக்குள் வைக்காமல் இருப்பதே எல்லாவற்றிலும் சிறந்தது.

3. இமேஜின் பெயரிலேயே தேதியைச் சேர்க்கவும். அமேசானில் இமேஜுக்குக் காலாவதி தேதி குறிக்கும் வசதி 2021லிருந்து உள்ளது. மாதம் ஒரு முறை ஸ்கிரிப்டை இயக்கிப் புதிய இமேஜ் எடுத்து, பழையதை நீக்கவும்.

4. நீக்கும்போது ஸ்நாப்ஷாட்டையும் சேர்த்து நீக்கியாயிற்றா என்று பார்க்கவும். இமேஜ் போன பின்னும் ஸ்நாப்ஷாட் மட்டும் தங்கி, மாதா மாதம் பில்லில் சிறு தொகையாக எட்டிப் பார்க்கும்.

5. முன்பின் தெரியாதவர் பொதுவில் வைத்த இமேஜைத் தவிர்க்கவும். அந்தந்த சிஸ்டத்தை உருவாக்கியவர்களே தரும் இமேஜில் தொடங்கி, அதன் மேல் உங்கள் ஸ்கிரிப்டை இயக்கவும்.

6. ஸ்கிரிப்டின் ஒரு பிரதி, க்ளவுடுக்கு வெளியே, உங்கள் சொந்தக் கம்ப்யூட்டரில் இருக்கட்டும்.

இதெல்லாம் கூடுதல் வேலை அல்லவா என்று சிலர் கேட்கலாம். முதல் முறை ஸ்கிரிப்ட் எழுத ஒரு நாள் மாலை போகும் என்பது உண்மை. ஆனால் கோஸ்ட் போட்டுத் தந்த கடைக்காரரிடம், உள்ளே என்னென்ன இருக்கிறது என்று கேட்டவர்கள் குறைவு. கேட்டாலும் அவரால் பட்டியல் சொல்ல முடிந்திருக்காது. அந்தக் கம்ப்யூட்டர் நம் வீட்டு அறையில் இருந்தது. பிரச்னை என்றால் ப்ளக்கைப் பிடுங்கிவிடலாம். க்ளவுட் மெஷின் உலகம் முழுவதற்கும் கதவு திறந்த நிலையில், நம் பெயரில், நம் கிரெடிட் கார்டில் ஓடுகிறது. அதில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்காக ஒரு மாலை நேரத்தைச் செலவிடுவது அதிகமில்லை.